தன்னையே ஏமாற்றிக்கொள்வதை ஜெர்மனில் சொல்வது: ஆங்கில மரபுத்தொடர்களை மொழிபெயர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும்போது ஒரு வகைத் தொடரில் மட்டும் சிவப்பு மை அதிகமாகச் செலவாகும். ஒருவர் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்வது, தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது, நடக்காததை நடக்கும் என்று நம்புவது பற்றிய மரபுத்தொடர்கள்தான் அவை. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். மணல், கண், மூக்குக்கண்ணாடி, திராட்சை என்று இரண்டு மொழியிலும் ஒரே படங்கள். படம் பொருந்தினால் பொருளும் பொருந்தும் என்று நம்பி எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கதை மாறிவிடுகிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். படத்துக்கு ஆறாவது இடம்தான். அது முதலில் வந்தால் மற்ற எல்லாம் கோணும்.

ஜெர்மன் தொடர்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தமிழில் முழுதாகப் பிடிபடாத ஒலிகள் சில உண்டு. அதனால் எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜெர்மன் பி2 (ஐரோப்பிய மொழித்தர வரிசையில் மேல் இடைநிலை) அளவுக்காவது இருக்க வேண்டும். பிரியும் வினைகளும் டாடிவ் ('எனக்கு' போல), அக்குஸாடிவ் ('என்னை' போல) வேற்றுமைகளும் யோசிக்காமல் வர வேண்டும். அது இல்லாவிட்டால் நான்காவது படியில் நின்றுவிடுவீர்கள்.

டூடன் என்ற ஜெர்மன் அகராதி வரிசையின் 11ஆம் தொகுதி மரபுத்தொடர்களுக்கே உரியது. ஒரு தொடர் பேச்சுவழக்கா, உயர்நடையா, பழையதா என்று அதில் குறித்திருப்பார்கள். பொருளைவிட அந்தக் குறிப்புதான் நமக்கு அதிகம் உதவும். அத்துடன் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் டிடபிள்யூடிஎஸ் என்ற இணைய அகராதி. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று அதன் 'வோர்ட்ப்ரொஃபீல்' பகுதி காட்டும். செய்தித்தாள் வரிகளும் கிடைக்கும்.

மூன்றாவது, மூல நூலின் முழு அத்தியாயம். ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பி 'இதை மட்டும் மாற்றித் தாருங்கள்' என்பார்கள். இந்த வகைத் தொடர்களுக்கு அது போதாது. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

2. ஏமாறுகிறவருக்கு எவ்வளவு தெரியும்?

முதல் கேள்வி இது. அகராதியைத் திறக்கும் முன்பே இதற்குப் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஹி டிசீவ்டு ஹிம்செல்ஃப்' என்றால் அந்த ஆளுக்கு உண்மை தெரியுமா, பாதி தெரியுமா, தெரியவே தெரியாதா என்பது மங்கலாகவே இருக்கலாம். ஜெர்மனில் வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி 'ஸிஹ் டொய்ஷன்'. 'டொய்ஷன்' என்றால் ஏமாற்று, 'ஸிஹ்' என்றால் தன்னை, சேர்த்தால் தன்னை ஏமாற்றிக்கொள் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரி, விடை தப்பு. 'எர் ஹாட் ஸிஹ் கெடொய்ஷ்ட்' என்றால் அவன் தப்பாக நினைத்துவிட்டான், அவ்வளவுதான். ரயில் ஐந்து மணிக்கு என்று நினைத்திருந்தான், ஆறு மணிக்குத்தான் வந்தது என்பதற்குச் சொல்வது. 'வென் இஹ் மிஹ் நிஹ்ட் டொய்ஷெ' என்பது நம் 'நான் சொல்வது தப்பில்லை என்றால்' போன்ற ஒரு சாதாரணப் பணிவு.

தன்னையே ஏமாற்றுவது வேண்டுமென்றால் 'ஸெல்ப்ஸ்ட்' சேர வேண்டும்: 'எர் டொய்ஷ்ட் ஸிஹ் ஸெல்ப்ஸ்ட்'. இந்த ஒரு சொல் விடுபட்டால் பத்து ஆண்டுகள் தன் குடிப்பழக்கத்தை மறுத்த ஒரு கதாபாத்திரம், முகவரியைத் தவறாகக் குறித்துக்கொண்ட ஆளாகிவிடும்.

ஆகவே ஓரத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். தெரியாமல் தவறியவர், பாதி தெரிந்தும் பார்க்காதவர், நன்றாகத் தெரிந்தும் தனக்கே கதை சொல்பவர். நடுவில் உள்ளவர்தான் அதிகம் வருவார், அவர்தான் அதிகம் படுத்துவார்.

இன்னொரு வாய்ப்பையும் தள்ளிவிடாதீர்கள். ஏமாற்றுவது வேறு யாராவதாக இருக்கலாம். 'புல் த வூல் ஓவர் ஹிஸ் ஐஸ்' என்பது பிறர் செய்வது. அதற்கு 'ஹின்டர்ஸ் லிஹ்ட் ஃப்யூரன்', 'ஸாண்ட் இன் டீ அவுகன் ஷ்ட்ரொயன்' என்று தனி வரிசையே இருக்கிறது. அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன்னேமாற்றத்துக்குப் போட்டால், வாசகர் இல்லாத ஒரு வில்லனைத் தேட ஆரம்பிப்பார்.

3. வினையைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து வினைகள் பெரும்பாலான இடங்களைச் சமாளிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது.

'ஸிஹ் எட்வாஸ் ஃபோர்மாஹன்' என்பது தனக்கே நாடகம் காட்டுவது. ஆங்கிலத்தின் 'கிட் யுவர்செல்ஃப்' பெரும்பாலும் இங்கேதான் வந்து உட்காரும். உள்ளே எங்கோ உண்மை தெரியும் என்ற சாயல் இதில் உண்டு. இதே வினைக்குச் செய்துகாட்டுவது என்ற பொருளும் உண்டு. சமையல் வகுப்பில் ஆசிரியர் மாவு பிசைந்து காட்டுவதும் 'ஃபோர்மாஹன்' தான். 'டா மாஹ்ட் ஈம் கைனர் வாஸ் ஃபோர்' என்றால் அந்த விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது என்று பொருள். இதை ஏமாற்றமாகப் படித்து, ஒரு தேர்ந்த தச்சரைப் பற்றிய புகழ்ச்சியைச் சந்தேகமாக மாற்றிய வரைவுகள் உண்டு.

'ஸிஹ் எட்வாஸ் ஐன்ரேடன்' என்பது திரும்பத் திரும்பத் தனக்கே சொல்லி நம்பவைத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் 'ஹி கெப்ட் டெல்லிங் ஹிம்செல்ஃப்' என்று வந்தால் முதலில் இதை எடுத்துப் பாருங்கள். 'கெப்ட்' என்ற சொல்லுக்காகத் தனியாக 'இம்மர் வீடர்' சேர்ப்பது பல நேரம் தேவையில்லை. திரும்பச் சொல்வது வினைக்குள்ளேயே இருக்கிறது.

'ஸிஹ் எட்வாஸ் ஐன்பில்டன்' என்பது இல்லாததை இருப்பதாக எண்ணுவது. மாடியில் காலடிச் சத்தம் கேட்டதாக நினைப்பதும் இதுதான், தன்னைப் பெரிய ஆள் என்று எண்ணுவதும் இதுதான். 'டோன்ட் ஃப்ளாட்டர் யுவர்செல்ஃப்' என்பதற்கு 'பில்டெ டிர் ப்ளோஸ் நிஹ்ட்ஸ் ஐன்' கச்சிதம். ஆனால் கடன் தானாகத் தீர்ந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொள்பவருக்கு இது ஒட்டாது.

'ஸிஹ் எட்வாஸ் ஷோன்ரேடன்' என்பது மோசமானதை நல்லதாகப் பேசிப் பேசி ஆக்கிக்கொள்வது. இதற்கு 'ஷோன்ரெஹ்னன்' என்ற உறவுக்காரரும் உண்டு. கணக்கில் எண்களைச் சாதகமாகக் கூட்டிக் கழிப்பது அது. நிறுவன அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது 'நிஹ்ட் வார்ஹாபன் வொல்லன்'. உண்மையை உண்மையாக ஏற்க மறுப்பது. 'ஷீ இஸ் இன் டினையல்' என்று வந்தால் இதுதான் முதல் தேர்வு. 'டினையல்' என்பதற்கு அகராதியில் 'ஃபெர்லொய்க்னுங்' கிடைக்கும், அதை வைத்து 'ஸீ இஸ்ட் இன் ஃபெர்லொய்க்னுங்' என்று எழுதுகிறவர்கள் அதிகம். அப்படி ஒரு ஜெர்மானியர் பேசமாட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் சொன்ன துயரத்தின் முதல் நிலையைக்கூட ஜெர்மனில் 'நிஹ்ட்-வார்ஹாபன்-வொல்லன்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

இதன் இலக்கணம் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். 'வார்ஹாபன்' தனியாகத் திரிபடையாது, 'வொல்லன்' உடன்தான் நடமாடும். நிறைவு காலத்தில் 'ஸீ ஹாட் எஸ் நிஹ்ட் வார்ஹாபன் வொல்லன்' என்று இரண்டு வினையெச்சங்களும் வரிசையாக நிற்கும்.

சாதாரணப் பேச்சில் 'ஃபெர்ட்ரெங்கன்' என்பதும் வரும். மனத்தின் ஓரத்துக்குத் தள்ளிவைப்பது. 'டாஸ் ஃபெர்ட்ரெங்ட் எர்' என்றால் அவன் அதை நினைக்காமலே ஓட்டுகிறான். உளவியல் சொல்தான், ஆனால் கடைத்தெரு வரை வந்துவிட்டது. பயப்படாமல் பயன்படுத்தலாம்.

4. வேற்றுமையைச் சரிபாருங்கள், அதுவும் 'நான்' வைத்து

மேலே சொன்னவற்றில் 'ஃபோர்மாஹன்', 'ஐன்ரேடன்', 'ஐன்பில்டன்', 'ஷோன்ரேடன்' நான்கிலும் 'ஸிஹ்' டாடிவில் இருக்கிறது. 'ஸிஹ் ஸெல்ப்ஸ்ட் பெலியூகன்' (தனக்கே பொய் சொல்லிக்கொள்வது), 'ஸிஹ் ஸெல்ப்ஸ்ட் டொய்ஷன்' இரண்டிலும் அக்குஸாடிவ்.

'அவன்', 'அவள்', 'நாங்கள்' என்று எழுதும்வரை தவறு வெளியே தெரியாது. 'ஸிஹ்', 'உன்ஸ்', 'ஒய்ஹ்' எல்லாம் இரண்டு வேற்றுமையிலும் ஒரே வடிவம். 'நான்', 'நீ' வந்தவுடன் குட்டு உடைந்துவிடும். 'இஹ் மாஹெ மிர் எட்வாஸ் ஃபோர்' சரி. 'மிஹ்' போட்டால் தவறு. 'இஹ் பெலியூகெ மிஹ்' சரி. 'மிர்' போட்டால் தவறு.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். 'எனக்கே சொல்லிக்கொள்கிறேன்' என்று தமிழில் நினைத்தால் 'ஐன்ரேடன்' உடன் 'மிர்' தானாக வந்துவிடும். 'என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன்' என்று நினைத்தால் 'ஃபோர்மாஹன்' உடன் 'மிஹ்' என்று கை எழுதிவிடும். அதனால் 'ஃபோர்மாஹன்' வரும்போது 'எனக்கே வேஷம் காட்டுகிறேன்' என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேற்றுமை தானாகச் சரியாகும்.

வரைவு முழுவதும் படர்க்கையில் இருந்தாலும் ஒவ்வொரு தொடரையும் ஒருமுறை 'இஹ்' வைத்து எழுதிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

இன்னொன்று, 'லாஸன்'. 'மாஹ் டிர் நிஹ்ட்ஸ் ஃபோர்' என்றால் உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. 'லாஸ் டிர் நிஹ்ட்ஸ் ஃபோர்மாஹன்' என்றால் மற்றவன் உன்னை ஏமாற்ற விடாதே. ஒரு சொல்தான் கூடுதல், குற்றவாளியே மாறிவிடுகிறார்.

5. யார் யாரிடம் சொல்கிறார்?

ஆங்கிலத்தின் 'கிட்டிங்' குடும்பம் ஒரே வினையை வைத்துக்கொண்டு வெவ்வேறு வேலை செய்யும். 'ஹூ ஆம் ஐ கிட்டிங்' என்பது தன்னிடம் சொல்லும் சலிப்பு. 'ஹூ ஆர் யூ கிட்டிங்' என்பது எதிராளியைச் சீண்டுவது. 'லெட்ஸ் நாட் கிட் அவர்செல்வ்ஸ்' என்பது கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பிக்கும் வரி.

சலிப்புக்கு 'வேம் மாஹெ இஹ் ஐகன்ட்லிஹ் வாஸ் ஃபோர்?' இதில் 'ஐகன்ட்லிஹ்' என்பதை அலங்காரம் என்று வெட்டிவிடாதீர்கள். அதுதான் பெருமூச்சைச் சுமக்கிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் தகவல் கேட்கும் கேள்வியாகிவிடும். 'யாருக்கு நான் செய்துகாட்டுகிறேன்?' என்றுகூட ஒருவர் படிக்கலாம்.

சீண்டலுக்கு 'டாஸ் க்ளௌப்ஸ்ட் டூ டொஹ் ஸெல்ப்ஸ்ட் நிஹ்ட்!' நீயே அதை நம்பவில்லையே என்பது போல. இங்கே 'டொஹ்' இல்லாமல் எழுதினால் குத்தல் போய்விடும். ஆங்கிலத்தில் கேள்வி, ஜெர்மனில் கூற்று. புதியவர்கள் கேள்விக்குறியை விட மனமில்லாமல் தவிப்பார்கள். கேள்வியாகவே வேண்டுமென்றால் 'வேம் வில்ஸ்ட் டூ ஹியர் வாஸ் ஃபோர்மாஹன்?' என்று எழுதலாம். ஆனால் அதில் கோபம் ஒரு படி அதிகம்.

கூட்டத்து வரிக்கு 'மாஹன் வியர் உன்ஸ் நிஹ்ட்ஸ் ஃபோர்'. ஆங்கிலத்தில் 'லெட்ஸ் ஃபேஸ் இட்' என்று வந்தாலும் பல இடங்களில் இதுவே போதும்.

'ஸீ' என்று மரியாதையாக அழைக்கும் கடிதத்தில் 'மாஹன் ஸீ ஸிஹ் நிஹ்ட்ஸ் ஃபோர்' என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் வாடிக்கையாளர் முகம் சிவக்கும். ஒருவரைப் பார்த்து 'நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்' என்பது எந்த மொழியிலும் கடுமைதான். 'நாம்' என்று மாற்றினால், அதாவது 'டா ஸொல்டன் வியர் உன்ஸ் நிஹ்ட்ஸ் ஃபோர்மாஹன்' என்றால், அதே விஷயம் சண்டையில்லாமல் போய்ச் சேரும்.

6. இப்போது படத்துக்கு வாருங்கள்

படம் பொருந்தும் தொடர்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஆகாயக் கோட்டைக்கு 'லுஃப்ட்ஷ்லொஸர்'. துரும்பைப் பிடிப்பதற்கு 'ஸிஹ் ஆன் யேடன் ஷ்ட்ரோஹால்ம் க்ளாமர்ன்'. 'விஷ்ஃபுல் திங்கிங்' என்பதற்கு 'வுன்ஷ்டென்கன்'. இவற்றில் மெனக்கெட ஒன்றுமில்லை.

தலையை மணலில் புதைப்பதும் பொருந்தும்: 'டென் கொப்ஃப் இன் டென் ஸாண்ட் ஷ்டெக்கன்'. ஒரு எச்சரிக்கை மட்டும். தோற்றுப்போனவரைத் தேற்றும்போது 'தலையை மணலில் புதைக்காதே' என்று ஜெர்மானியர் சொல்வதுண்டு. அங்கே மனம் தளராதே என்று பொருள். ஆங்கில வாசகம் 'கண்ணைத் திற' என்று கண்டிக்கிற இடத்தில், ஜெர்மன் வாசகர் ஆறுதலாகப் படித்துவிடக்கூடாது. சந்தேகம் வந்தால் 'டீ அவுகன் ஃபெர்ஷ்லீஸன்', அதாவது கண்களை மூடிக்கொள்வது, பாதுகாப்பு.

படம் ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் இடங்கள்தான் ஆபத்து. அவற்றில் முதலிடம் 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ'.

ஜெர்மனில் 'ஐன் அவுகெ ட்ஸூட்ருக்கன்' இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொள்வது. படம் அச்சாகப் பொருந்துவதால் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் இது சலுகை காட்டுவது. நூலகத்தில் இரண்டு நாள் தாமதமாகப் புத்தகம் தந்தவரிடம் அபராதம் வாங்காமல் விடுவது. செய்பவருக்கு எல்லாம் தெரியும், மனமிரங்கி விடுகிறார். 'பைடெ அவுகன்', அதாவது இரண்டு கண்ணையும் மூடினால் இன்னும் தாராளம்.

பார்க்கப் பயந்து பார்க்காமல் இருப்பதற்கு 'டீ அவுகன் ஃபெர்ஷ்லீஸன்', அதோடு 'ஃபோர்' என்ற முன்னிடைச்சொல்லும் டாடிவும். பிறருக்கு நடக்கும் கொடுமையைக் கண்டும் காணாததுபோல் இருப்பதற்கு 'வெக்ஷாவன்'. ஒரு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தலைக் கண்டுகொள்ளவில்லை என்ற வரியில் 'ஐன் அவுகெ ட்ஸூட்ருக்கன்' போட்டால் அந்த நிர்வாகம் கருணையுள்ளதாகத் தெரியும். மூலத்தை எழுதியவர் அதைப் படித்தால் தூங்கமாட்டார்.

அடுத்து 'சோர் க்ரேப்ஸ்'. எட்டாத பழம் புளிக்கும் என்ற நரிக்கதை நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் தோற்றவனின் வயிற்றெரிச்சலைக் குறிக்கிறது. அந்த இடத்தில் 'டா ஷ்ப்ரிஹ்ட் டெர் நைட்', அங்கே பொறாமை பேசுகிறது, என்பதே நேர். உண்மையிலேயே தனக்கு வேண்டாம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிற நரியாக இருந்தால் மட்டும் 'டீ ட்ரௌபன் ஹெங்கன் ஈம் ட்ஸூ ஹோஹ்', திராட்சை அவனுக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

'ரோஸ்-டின்டட் கிளாசஸ்' என்பதும் இதே வகை. 'ரோஸாரோடெ ப்ரில்லெ' என்று அப்படியே இருக்கிறது, பொதுவாகப் பயன்படுத்தலாம். ஆனால் புதுக் காதலில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது இது அடிக்கடி வருவதால், சூழல் இல்லாவிட்டால் மனம் அங்கே ஓடும். ஆங்கிலத்தில் பழைய நாட்களை நினைத்து உருகும் இடமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'ஃபெர்க்ளேரன்' என்ற வினையை எடுங்கள். கடந்தகாலத்துக்கு ஒளிவட்டம் மாட்டுவது என்ற பொருள் அதில் தயாராக இருக்கிறது.

'லிவிங் எ லை' வந்தால் 'லேபன்ஸ்லியூகெ' என்று பாயாதீர்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் உலகத்திடம் ஒன்றை மறைத்து வாழ்வது. ஜெர்மன் சொல்லோ, எந்தப் பொய்யின்மேல் ஒருவர் தன் வாழ்க்கையையே கட்டியிருக்கிறாரோ அதைக் குறிக்கும். அந்தப் பொய்யை அவரே நம்பவும் செய்கிறார். கட்சிக்கும் நாட்டுக்கும்கூட இதைச் சொல்வார்கள்.

படம் மாறும் தொடர்களில் எனக்குப் பிடித்தது 'விஸ்லிங் பாஸ்ட் த க்ரேவ்யார்ட்'. அமெரிக்கர் இடுகாட்டைத் தாண்டும்போது பயத்தை மறைக்க விசிலடிக்கிறார். ஜெர்மானியர் காட்டில் அடிக்கிறார்: 'ப்ஃபைஃபன் இம் வால்டெ'. இதைப் பெயர்ச்சொல்லாக வைப்பதே இயல்பு. 'அமைச்சரின் பேச்சு வெறும் காட்டு விசில்' என்பதுபோல. வினையாக்கி நீட்டினால் யாரோ நிஜமாகவே காட்டில் நடப்பதாகத் தோன்றும்.

'ஃபூல்ஸ் பேரடைஸ்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் 'நாரன்பாராடீஸ்' என்று எழுதினால் வாசகர் ஒரு நொடி நிற்பார். ஆபத்து வரப்போகிறது, தெரியாமல் நிம்மதியாக இருக்கிறார் என்றால் 'ஸிஹ் இன் ட்ருகெரிஷர் ஸிஹர்ஹைட் வீகன்'. நடைமுறைக்கு ஒத்துவராத கனவுலகில் இருக்கிறார் என்றால் 'வொல்கன்குக்குக்ஸ்ஹைம்'. ஒன்று பாதுகாப்பைப் பற்றியது, மற்றது திட்டங்களைப் பற்றியது. இரண்டாவது படியில் எழுதிய குறிப்பு இங்கே கைகொடுக்கும்.

கடைசியாக, படத்தையே விட்டுவிட வேண்டியவை. 'டிரிங்க் த கூல்-எய்டு', அதாவது கூல்-எய்டு என்ற பானத்தைக் குடிப்பது, ஒன்றைக் கண்மூடித்தனமாக நம்பிவிடுவதைக் குறிக்கும்; 1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் நஞ்சு கலந்த பானம் தரப்பட்டு 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்த நிகழ்விலிருந்து வந்தது. அமெரிக்க அலுவலகங்களில் இன்று அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பானத்தின் பெயரை வைத்துப் பெரும்பாலான ஜெர்மன் வாசகர்களுக்கு ஒன்றும் விளங்காது, அடிக்குறிப்புப் போட்டால் நகைச்சுவை செத்துவிடும். 'எர் க்ளௌப்ட் டாஸ் இன்ட்ஸ்விஷன் விர்க்லிஹ்', இப்போது அவரே அதை நிஜமாக நம்புகிறார், என்று வெறுமையாக எழுதுங்கள். ஒரு தலைவருக்கோ நிறுவனத்துக்கோ முழுதாக அடிமையானவர் என்றால் 'மிட் ஹௌட் உண்ட் ஹாரன்', தோலும் முடியுமாக, என்பதைச் சேர்க்கலாம்.

இங்கே இழந்த வண்ணத்தை வேறிடத்தில் ஈடுகட்டலாம். மூலத்தில் வெறுமையாக 'ஹி வாஸ் லையிங் டு ஹிம்செல்ஃப்' என்று இருக்கும் இடத்தில் 'எர் லோக் ஸிஹ் இன் டீ ஐகெனெ டாஷெ' போடுங்கள். தன் சட்டைப்பைக்குள்ளேயே பொய் சொல்லிக்கொண்டான். டூடன் இதைப் பேச்சுவழக்கு என்று குறிக்கிறது, ஆகவே ஒப்பந்தத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் வேண்டாம். அப்புறம், சட்டைப்பை வந்தவுடன் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். 'இன் டீ ஐகெனெ டாஷெ விர்ட்ஷாஃப்டன்' தான் பணத்தைச் சுருட்டுவது. 'லியூகன்' என்பதை 'லீகன்' என்று தட்டச்சு செய்துவிட்டால் 'ஔஃப் டெர் டாஷெ லீகன்', அதாவது ஒருவர் காசில் உட்கார்ந்து சாப்பிடுவது, பக்கத்தில் வந்து நிற்கும். பிழைதிருத்தி மென்பொருள் இதைப் பிடிக்காது, இரண்டும் சரியான சொற்கள்.

7. 'என்று' வரும் இடத்தில் வினைவடிவம்

'ஐன்ரேடன்' உடன் ஒரு துணை வாக்கியம் வரும்: இது தற்காலிகம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். இங்கே ஜெர்மனில் கொன்யுங்க்டிவ் என்ற வடிவம் உதவும். 'எர் ரேடெடெ ஸிஹ் ஐன், எஸ் ஸை நூர் ஐனெ ஃபாஸெ'. இந்த 'ஸை', 'அப்படி அவன் சொல்லிக்கொண்டான், பொறுப்பு எனதல்ல' என்று ஆசிரியர் விலகி நிற்பதைக் காட்டுகிறது. தமிழில் 'தற்காலிகமாம்' என்று 'ஆம்' சேர்த்தால் வரும் தொலைவு மாதிரி.

உரையாடலில் இதைப் போடாதீர்கள். பதினாறு வயதுப் பையன் 'ஸை' என்று பேசமாட்டான். அங்கே 'டாஸ்' உடன் சாதாரண 'இஸ்ட்' போதும்.

8. ஒரு பத்தியை முழுதாகச் செய்து பார்ப்போம்

கடை நொடித்துப்போகும் ஒருவரைப் பற்றி மூன்று வரி, பயிற்சிக்காக எழுதியது: 'ஹி கெப்ட் டெல்லிங் ஹிம்செல்ஃப் இட் வாஸ் ஜஸ்ட் எ ஸ்லோ சீசன். ஹூ வாஸ் ஹி கிட்டிங்? த பேங்க் ஹேட் டர்ன்டு எ ப்ளைண்ட் ஐ ஃபார் எ இயர், அண்ட் சோ ஹேட் ஹிஸ் வைஃப்.'

முதல் வரி: பாதி தெரிந்தவர், திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆக 'ஐன்ரேடன்', கதைசொல்லியின் குரல், ஆக கொன்யுங்க்டிவ். 'எர் ரேடெடெ ஸிஹ் ஐன், எஸ் ஸை நூர் ஐனெ ஷ்வாஹெ ஸேஸோன்.'

இரண்டாவது: அவர் மனத்துக்குள் ஓடுவது, கதையின் இறந்தகாலத்திலேயே. 'வேம் வொல்டெ எர் ஐகன்ட்லிஹ் எட்வாஸ் ஃபோர்மாஹன்?' நிகழ்காலத்துக்கு மாற்றினால் கதைசொல்லியின் குரல் உடையும்.

மூன்றாவதில்தான் பொறி. ஆங்கிலம் ஒரே தொடரில் வங்கியையும் மனைவியையும் கட்டிவிட்டது. வங்கி தவணை தாமதமானதைப் பொறுத்துக்கொண்டது, அது சலுகை. மனைவி? மீதி அத்தியாயத்தில் அவர் பார்க்க அஞ்சுகிறவராக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனில் இரண்டையும் பிரித்தாக வேண்டும்: 'டீ பாங்க் ஹாடெ ஐன் யார் லாங் ஐன் அவுகெ ட்ஸூகெட்ருக்ட், உண்ட் ஸைனெ ஃப்ரௌ ஹாடெ டீ அவுகன் ஃபெர்ஷ்லொஸன்.' கண் என்ற சொல் இரண்டு தடவையும் இருப்பதால் ஆங்கிலத்தின் எதிரொலி கொஞ்சம் மிஞ்சுகிறது. 'உண்ட் ஸைனெ ஃப்ரௌ ஔஹ்', மனைவியும்தான், என்று சுருக்கியிருந்தால் அவர் கணவருக்குச் சலுகை காட்டியவராகிவிடுவார். மனைவிக்கு எல்லாம் தெரிந்து, அன்பால் விட்டுவிட்டார் என்று அத்தியாயம் சொன்னால் அந்தச் சுருக்கமே சரியான மொழிபெயர்ப்பு. முழு அத்தியாயம் வேண்டும் என்று முதல் படியில் கேட்டது இதற்காகத்தான்.

9. அனுப்பும் முன் சரிபார்ப்பது

ஒரு நாள் கழித்து ஜெர்மன் வரியை மட்டும் பார்த்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்துக்குத் திருப்பினால் பழைய தொடரே நாக்கில் வந்துவிடும், தவறு மறைந்துகொள்ளும். தமிழில் சொல்லும்போது 'விட்டுக்கொடுத்தது' என்று வருகிறதா, 'கண்ணை மூடிக்கொண்டது' என்று வருகிறதா என்பதில் வினை சரியா என்று தெரிந்துவிடும். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகும் என்ற பழமொழி நினைவுக்கு வந்தால் தன்னேமாற்றம் உள்ளே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் பூனையை ஜெர்மனுக்குள் ஏற்றிவிடாதீர்கள். அதையும் செய்தவர்கள் உண்டு.

அடுத்து, தொடரை டிடபிள்யூடிஎஸ் தேடலில் போடுங்கள். வரும் வரிகளில் யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று பாருங்கள். எல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் இருந்து வந்தால், இரங்கல் உரையில் அதை வைக்காதீர்கள்.

கடைசியாக, ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர். அவரிடம் ஆங்கில மூலத்தைக் காட்டக்கூடாது. காட்டினால் அவரும் மூலத்தின் பொருளை உங்கள் வரிக்குள் படித்துவிடுவார். 'சரியா?' என்றும் கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். 'இதைச் சொல்பவர் யார்? இந்த ஆளுக்கு உண்மை தெரியுமா?' என்று கேளுங்கள். இரண்டாவது படியில் ஓரத்தில் குறித்த பதிலே அவர் வாயிலும் வந்தால் போதும்.

அவர் 'மான் ஃபெர்ஷ்டேட் எஸ்', புரிகிறது, என்று மட்டும் சொன்னால் அந்த வரியை மாற்றுங்கள். யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.